சீட்டைப் பிடித்த கைகளுக்கு ஒரு விருது

படிவத்தின் முதல் வரியிலேயே சிக்கல். ‘விருதுக்குப் பரிந்துரைக்கப்படுபவரின் பெயர்’ என்று கேட்டிருந்தார்கள். எதிரே ஒரே ஒரு கோடு. அதில் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். அடுத்த வரியில் தந்தை அல்லது கணவர் பெயர். பிறகு வயது. அதற்கும் கீழே, ‘தனிப்பட்ட சாதனைகள்’.

மலையாளத்தில் அச்சிட்ட அந்தப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எலப்புள்ளியில் அவரை எல்லோரும் ‘மாஷ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேரளத்தில் வாத்தியாருக்கு அதுவே பெயர். “தம்பி, இதைத் தமிழில் எழுதிக் கொடுங்க. எங்க கூட்டத்துல பாதிப் பேருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எதுல கையெழுத்துப் போடறோம்னு தெரிஞ்சு போடட்டும்” என்றார்.

அவர் சொன்ன கூட்டம் ஒரு சைக்கிள் கூட்டம். விடிகாலையில் நெல்வயல்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிற இருபது பேர். ஒரு சிலரிடம் கியர் வைத்த விலை உயர்ந்த வண்டிகள். பலரிடம் மகனோ மகளோ பள்ளிக்கூடம் போன காலத்துப் பழைய வண்டிகள். ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. தெரியாதவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் அதிகம் பேர் நாற்பதைத் தாண்டிய பெண்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

உள்ளூர் அமைப்பு ஒன்று சமூக சேவைக்காக ஒரு விருது அறிவித்திருக்கிறது. இந்தக் கூட்டத்தின் பெயரை அனுப்பலாமே என்று யாரோ சொல்லப்போக, ஆரம்பித்தது விவாதம். “மாஷ் பெயரையே எழுதிவிடலாம்” என்றார்கள் சிலர். மாஷுக்கு அதில் சம்மதமில்லை. “நான் ஒருத்தன் எத்தனை பேரோட சீட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்க முடியும்? என் முட்டிக்கு அந்த வலு ஏது? ஒருத்தர் கத்துக்கிட்டா அடுத்தவருக்கு அவர் பிடிச்சார். அவ்வளவுதான். இதுல யார் பெயரை எழுதறது?” என்று கேட்டார்.

உள்ளூர் விருதுப் படிவத்தில் எழுந்த கேள்விதான். ஆனால் இதே கேள்வியை இதைவிடப் பெரிய மேடைகளிலும் யாரும் சரியாகத் தீர்த்துவிடவில்லை. மாஷிடம் நான் முதலில் சொன்னது புதுக்கோட்டையின் கதையை.

கணவாய் வழியே வந்த காற்று

எலப்புள்ளி, பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில் இருக்கிற ஊர். 2025ல் தண்ணீரை ஒட்டி எழுந்த ஒரு சர்ச்சையால் இந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. மற்றபடி நெல்லும் பனையும் தென்னையும்தான் இதன் அடையாளம். டீக்கடையில் பாதிப் பேச்சு தமிழில் நடக்கும், மீதி மலையாளத்தில். 1956 வரை பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தோடு இருந்தது. கோடு மாறியது, பேச்சு அப்படியே இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டருக்கு வழிவிட்டு நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று இதன் வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. ஆடி மாதத்தில் கிழக்கே சைக்கிள் மிதிப்பவருக்குக் காற்று முதுகைத் தள்ளிக் கொடுக்கும். திரும்பி வரும்போது வாங்கியதையெல்லாம் வட்டியோடு கட்ட வேண்டும்.

இந்தப் பக்கமிருந்து தமிழகத்துக்குப் போன இன்னொரு காற்றும் உண்டு. 1989ல் எர்ணாகுளம் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து நடத்திய அந்த இயக்கத்தின் பலனாக, 1990 பிப்ரவரி 4ல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ல் கோழிக்கோடு மானாஞ்சிற மைதானத்தில், முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் கேரளம் என்ற அறிவிப்பு வந்தது. அதைப் படித்தவர் முதலமைச்சரோ கவர்னரோ இல்லை. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த, புதிதாக எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா.

அதே 1991ல்தான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மன்னராட்சியில் இருந்து 1948ல் இந்தியாவோடு இணைந்த பழைய சமஸ்தானம் அது. 1974ல்தான் தனி மாவட்டமானது. 1991 கணக்கெடுப்பின்படி சுமார் 13 லட்சம் மக்கள். வானம் பார்த்த பூமி, கல்குவாரிகள், செயற்கை ரத்தினக் கற்களுக்குப் பட்டை தீட்டும் குடிசைத் தொழில். மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் மற்றத் தொண்டர்களும் கைகோர்த்தார்கள்.

எழுத்தோடு சேர்ந்து ஒரு சக்கரம்

அறிவொளி வகுப்புக்கு முக்கியமாக வர வேண்டியவர்கள் பெண்கள். அவர்களை அழைத்து வர, அவர்களோடு உட்கார்ந்து பேச, பெண் தொண்டர்கள் வேண்டும். தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் நினைத்த நேரத்துக்கு வராது. அண்ணனோ கணவனோ சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனால்தான் உண்டு. அவர்களுக்கு நேரமில்லாத நாளில் வகுப்பும் இல்லை.

அதனால் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் எழுத்தறிவு இயக்கத்தின் ஒரு பாடமாகவே சேர்த்தார் ஆட்சியர். தொண்டர்கள் கற்றார்கள். அவர்களைப் பார்த்து, கற்க வந்த பெண்களும் கேட்டார்கள். அறிவொளியின் மைய ஒருங்கிணைப்பாளராக இருந்த கண்ணம்மாள் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு பயிற்சி நடந்த இடங்களிலெல்லாம் ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மைதானங்களில் கூட்டம்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கும் கணக்கு இது: சைக்கிள் கற்ற கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பத்து வயதுக்குக் கீழான சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒருவர். அவர்களில் 70,000க்கும் மேற்பட்டவர்கள் பொது இடத்தில் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் கண்காட்சி ஓட்டங்களிலும் கலந்துகொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தபோது ஊரே நின்று பார்த்தது.

வந்தவர்கள் யார்? விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம நர்ஸுகள், பால்வாடி ஊழியர்கள், கல் பட்டை தீட்டுபவர்கள், சத்துணவுப் பணியாளர்கள், ஆசிரியைகள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் யாரும் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் ஒரு சின்ன சீட்டை மாட்டினால் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வங்கிக் கடனில் சைக்கிள் வாங்கவும் ஏற்பாடு நடந்தது.

எல்லாம் பூத்தூவி நடந்துவிடவில்லை. பெண் சைக்கிள் ஓட்டினால் காது கூசும் பேச்சு வரும். ‘அடக்கமில்லாதவள்’ என்ற பட்டம் வரும். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சே அவளை வண்டியிலிருந்து இறக்கியிருக்கும். ஊரில் ஐம்பது பேர் ஓட்டும்போது யாரைப் பார்த்துப் பேசுவது? புதுக்கோட்டையின் வெற்றி ரகசியம் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. அங்கே நடந்தது ஒரு வீராங்கனையின் கதையாக இருந்திருந்தால், அது அவரோடு முடிந்திருக்கும்.

பலன்? பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சம். விளைந்ததைத் தலைச்சுமையாக ஒரு ஊருக்குக் கொண்டுபோனவர், சைக்கிளில் நான்கு ஊருக்குக் கொண்டுபோனார். தண்ணீர்க் குடம் பின்சீட்டில் ஏறியது. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினால், மாலை வகுப்புக்கு நேரம் கிடைத்தது. சாய்நாத்தின் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ நூல் 1996ல் வெளிவந்தபோது இந்தக் கதையும் அதில் இடம்பெற்றது. அதன் ஹிந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு ஹிந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. தில்லியிலும் போபாலிலும் படித்த தமிழ்க் குழந்தைகள் பலர் புதுக்கோட்டையை முதலில் அறிந்தது ஹிந்தி வகுப்பில்தான்.

பட்டமும் சைக்கிளும்

சைக்கிளும் படிப்பும் பெண்கள் கைக்கு ஒரே சமயத்தில் வந்ததும், அதைக் கண்டு ஆண்கள் பதறியதும் புதுக்கோட்டைக்கு மட்டும் உரிய கதை இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே அளவில், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் இன்றைய வடிவம் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885ல் செய்த ‘ரோவர்’ வண்டியிலிருந்து பரவியது. 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் சைக்கிள், பெண்களும் ஓட்டக்கூடிய வாகனமானது. பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது என்ற பொருளில் 1896ல் சொன்னவர், அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனி.

அடுத்த வருடமே கேம்பிரிட்ஜில் ஒரு காட்சி. பெண்களுக்கு முழுப் பட்டம் தரலாமா என்று பல்கலைக்கழகம் வாக்கெடுப்பு நடத்தியது. எதிர்த்த மாணவர்கள் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கொடும்பாவியைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அவர்கள் கண்ணில், படித்த பெண் என்றால் சைக்கிள் ஓட்டும் பெண். வாக்கெடுப்பு தோற்றது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948ல்தான்.

அந்த அறிவாளிகள் கேலியாகச் சேர்த்து வைத்த இரண்டையும், 95 வருடம் கழித்து புதுக்கோட்டையின் கல்குவாரிப் பெண்கள் கம்பீரமாகச் சேர்த்துக் காட்டினார்கள்.

விருதுக்கு ஒரு முகம் வேண்டும்

இத்தனை பெரிய காரியத்துக்கு விருது கொடுப்பதென்றால் யாருக்குக் கொடுப்பது? மாஷின் கேள்விதான்.

நம் நாட்டின் விருதுகள் பெரும்பாலும் ஒரு முகத்தைத் தேடுகின்றன. 1954ல் தொடங்கிய பத்ம விருதுகள் தனி நபர்களுக்கே உரியவை. சாதாரணக் குடிமகனும் பரிந்துரை அனுப்பலாம் என்ற நிலை வந்த பிறகு, பெயர் வெளியில் தெரியாத பலர் ராஷ்டிரபதி பவன் வரை போயிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் பரிந்துரைக் கடிதத்தில் இப்போதும் ஒரு பெயர்தான்.

அந்த ஒற்றைப் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். மதுரைப் பக்கம் களஞ்சியம் சுய உதவிக் குழுக்களைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவர் சின்னப்பிள்ளை. 2001ல் ஸ்த்ரீ சக்தி விருது பெற மேடையேறியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019ல் பத்மஸ்ரீயும் வந்தது. பொருத்தமானவருக்குக் கிடைத்த பெருமை. என்றாலும் மறுநாள் பத்திரிகைகளில் வந்த படம் ஒருவருடையது. வாரந்தோறும் ஐந்தும் பத்துமாகச் சேர்த்த ஆயிரக்கணக்கான பெண்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள்.

கேரளத்திலும் அப்படித்தான். ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா, 2018ல் தம் 96வது வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2020ல் நாரி சக்தி விருது பெற்றார். அவர் கையைப் பிடித்து எழுதவைத்தவர்களை யாருக்கும் தெரியாது.

குழுவை விருதுக்குப் பரிந்துரைப்பது வெறும் கற்பனையும் இல்லை. ஒரு சைக்கிள் கூட்டத்தையே நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார்கள். 2016 அமைதிப் பரிசுக்காக ஆப்கானிஸ்தானின் பெண்கள் சைக்கிள் அணியின் பெயரை முன்மொழிந்தவர்கள், இத்தாலிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் 118 பேர். கல்லெறியும் வசைமொழியும் தாங்கிக்கொண்டு காபூலைச் சுற்றிய சாலைகளில் பயிற்சி எடுத்த பெண்கள் அவர்கள். பரிசு அந்த வருடம் கொலம்பிய அதிபர் ஹுவான் மனுவேல் சாந்தோஸுக்குப் போனது. உள்நாட்டுப் போரை முடிக்கப் பாடுபட்டவர், தகுதியில் குறையில்லை. ஆனாலும் மறுபடியும் ஒரு முகம், ஒரு பெயர்.

அந்த அணியின் கதை அங்கே நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியதும் சைக்கிள் ஓட்டிய பெண்கள் பலர் நாட்டை விட்டே வெளியேற வேண்டி வந்தது. 2022 அக்டோபரில் ஆப்கன் பெண்களின் தேசியச் சைக்கிள் பந்தயம் நடந்தது – சுவிட்சர்லாந்தின் ஏக்ள் நகரில்! வென்றவர் ஃபரிபா ஹாஷிமி. இரண்டாவதாக வந்தவர் அவர் அக்கா யுல்டுஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இருவரும் ஓட்டினார்கள். சொந்த மண்ணில் சாலை மறுக்கப்பட்டபோது அவர்களுக்கு மிஞ்சியது ஒன்றுதான்: கூட ஓட்டியவர்கள்.

மேடையில் யார் ஏறுவது?

குழுவுக்கு விருது என்றால் எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு.

முதல் வாதம்: தலைமை இல்லாமல் கூட்டம் இல்லை. உண்மைதான். சைக்கிளைப் பாடமாக்கத் துணிந்த ஓர் ஆட்சியர் இல்லையென்றால் புதுக்கோட்டை இயக்கம் அந்த வேகத்தில் வளர்ந்திருக்காது. அந்தப் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்சியர்களுக்கு மாற்றல் உத்தரவு வரும். ஒருமுறை சமநிலை பழகிய உடம்புக்கு மாற்றல் கிடையாது. கோப்பு மூடினாலும் கற்றவர் மறக்க மாட்டார், மகளுக்குக் கற்றுக்கொடுப்பார்.

இரண்டாவது: பணத்தை எப்படிப் பிரிப்பது? பிரிக்க வேண்டியதே இல்லை. பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், கற்க வருகிறவருக்குக் கொடுக்க இரண்டு பொது சைக்கிள் – இவை போதும். பெரிய விருதுகளிலும் வழி இருக்கிறது. மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோ இயக்கத்துக்கு 1987லும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்துக்கு 1996லும் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் ‘எஜுகேட் கேர்ள்ஸ்’ அமைப்பு 2025ல் ராமோன் மக்சேசே விருது பெற்றது.

மூன்றாவது: மேடையில் ஏறப்போவது யாரோ ஒருவர்தானே? இதற்கு நல்ல விடை 2006ல் ஆஸ்லோவில் கிடைத்தது. அந்த ஆண்டின் நோபல் அமைதிப் பரிசில் பாதி முகம்மது யூனுஸுக்கு, பாதி அவர் தொடங்கிய கிராமீன் வங்கிக்கு. வங்கியின் சார்பில் பரிசை வாங்கியவர் மேனேஜரோ அதிகாரியோ இல்லை. வங்கியில் கடன் வாங்கித் தொழில் செய்து, அதன் இயக்குநர் குழுவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தஸ்லிமா பேகம் என்ற கிராமத்துப் பெண். 1991ல் கோழிக்கோட்டில் ஆயிஷா செய்ததும் இதுதான். கற்றுக்கொண்டவரே வந்து அறிவிக்கும்போது, பின்னால் இருக்கும் கூட்டம் தானாகத் தெரிகிறது.

சாதனையை எப்படி அளப்பது?

படிவத்தில் இன்னொரு கேள்வி: ‘சமூகத்துக்குக் கிடைத்த பலன்.’ காலையில் இருபது பேர் சைக்கிள் ஓட்டுவதால் ஊருக்கு என்ன பலன் என்று எழுதுவது? மாஷ் இங்கும் தயங்கினார்.

சைக்கிளின் பலனை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தில் 2001-02ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06ல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2006ல் பிகார் அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து 2017ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். ஆண், பெண் சேர்க்கைக்கு இடையிலிருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது, பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: பலன் சைக்கிளால் மட்டும் வந்ததில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊரில் பல பெண்கள் சேர்ந்து பள்ளிக்குப் போனதால் வழிப்பயணம் பாதுகாப்பானது. பெண் சைக்கிளில் போகலாமா என்ற பழைய பேச்சும் மாறியது. புதுக்கோட்டை 1992ல் கண்டறிந்த அதே உண்மை. தனி சைக்கிள் ஒரு வாகனம். பத்து சைக்கிள் சேர்ந்தால் அது ஒரு பாதுகாப்பு.

எலப்புள்ளியில் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் விவரம் இருக்கிறது. மாஷின் கூட்டத்தில் ஒரு பெண்மணி தோட்ட வேலைக்கு ஆட்டோவில் போய்வந்தவர். கூலியில் ஒரு பங்கு அதற்கே போகும். இப்போது சைக்கிளில் போகிறார். ஆட்டோவுக்குக் கொடுத்த காசைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாராம். “எதுக்கு அக்கா?” என்று கேட்டேன். “இன்னும் முடிவு பண்ணல. எங்கிட்ட காசு இருக்குன்னு தெரிஞ்சாப் போதாதா?” என்றார். ‘சமூகத்துக்குக் கிடைத்த பலன்’ என்ற இடத்தில் இதையே எழுதலாம் என்றேன். மாஷ் எழுதிக்கொண்டார்.

கையை விடும் நேரம்

சைக்கிள் பழகிய யாருக்கும் அந்தக் கணம் நினைவிருக்கும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வருவார். “விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க” என்று நாம் கத்துவோம். “பிடிச்சிருக்கேன், நீ மிதி” என்று குரல் வரும். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் குரல் எங்கோ பின்னால் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அவர் எப்போதோ கையை விட்டுவிட்டு ரோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

கற்றுக்கொடுப்பவர் கண்ணில் படாமல் விலகினால்தான் இந்த வித்தை வரும். அதனால்தான் விருதுப் படிவத்தில் அவருக்கு இடம் கிடைப்பதில்லை. ஓட்டுகிறவரைப் படம் எடுப்பது சுலபம். கையை விட்டவர் ஃப்ரேமுக்கு வெளியே நிற்பார். புதுக்கோட்டையில் அப்படி நின்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் யாருக்கும் தனித்தனியே பதக்கம் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. ஆனால் விருது வழங்குகிறவர்கள் படிவத்தில் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்க முடியும். ‘தனிநபர் அல்லது குழு’ என்று அச்சடிக்க ஆகும் மை அதிகமில்லை. குழு என்றால் தந்தை பெயர், கணவர் பெயர் கேட்கிற கட்டாயமும் போய்விடும்.

படிவத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் எல்லோரும் கேட்க ஒருவர் உரக்கப் படித்தார். அரை மணி நேர விவாதம். கடைசியில் பெயர் என்ற கோட்டுக்கு எதிரே ‘இணைப்பில் காண்க’ என்று எழுதினார்கள். இணைப்பில் இருபது பெயர்கள். அகர வரிசையில் போடலாம் என்றேன். மாஷ் கேட்கவில்லை. யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற வரிசையில் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சீட்டைப் பிடித்தவரின் பெயர். முதல் பெயர் மாஷுடையது. பக்கத்தில், அறுபது வருடத்துக்கு முன் அவருக்குக் கற்றுக்கொடுத்த அவர் அக்காவின் பெயர்.

விதிப்படி இந்தப் படிவம் செல்லுமா என்று தெரியவில்லை. தள்ளுபடியாகவும் கூடும். “ஆனா ஆகட்டும் தம்பி. லிஸ்ட் நம்மகிட்ட ஒரு காப்பி இருக்கு” என்றார் மாஷ். மறுநாள் காலை அந்தக் காப்பியில் இருபத்தோராவது பெயரைச் சேர்த்தார்கள். சீட்டைப் பிடித்தவர், பட்டியலில் இருபதாவதாக இருந்தவர்.